மூன்றாவது கொட்டேஷன்

லக்ஷ்மிநாராயணன் மூன்று கொட்டேஷன் வாங்காமல் ஒரு முழம் கயிறுகூட வாங்கமாட்டான்.

கல்பாக்கத்தில் ஒரு மத்திய அரசு அலுவலகத்தின் கொள்முதல் பிரிவில் பதினோரு வருஷமாக உட்கார்ந்திருப்பவன். எந்தப் பொருளானாலும் மூன்று இடத்தில் விலை எழுதி வாங்க வேண்டும். மூன்றையும் ஒரே தாளில் கட்டம் போட்டு ஒப்பிட்டு, ஒவ்வொரு கட்டத்துக்கும் பத்துக்கு இத்தனை என்று மார்க் போட்டு, கூட்டிப் பார்த்து, கூடுதலாக வாங்கியவனுக்கு ஆர்டர் கொடுக்க வேண்டும். ஒப்பீட்டு அட்டவணை என்று அந்தத் தாளுக்குப் பெயர். ஆபீஸில் அது விதி. வீட்டுக்கு வந்தால் வியாதி. டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் இருந்த மிக்ஸி, மின்விசிறி, கொசுவலை எல்லாமே கட்டத்துக்குள் நுழைந்து வெளியே வந்தவைதான்.

பிரதீபாவும் அப்படி வந்தவள்தான். கல்யாணமான இரண்டாம் வருஷம், பரணில் எதையோ தேடும்போது ஒரு பழைய ஃபைலில் அந்தத் தாள் கிடைத்தது. மூன்று பெண்களின் பெயர்கள். படிப்பு, குடும்பம், சமையல், பேச்சு என்று கட்டங்கள். பிரதீபா இரண்டாமிடம். முதலிடத்துப் பெண்ணின் பெயருக்கு எதிரே சிவப்பு மையில் 'விலகிக்கொண்டார்' என்று இருந்தது. பிரதீபாவுக்குப் பேச்சில் பத்துக்கு மூன்று. பக்கத்தில் ஒரு குறிப்பு: 'கருங்குழிப் பேச்சு வழக்கு. திருத்தலாம்.'

திருத்தியும் விட்டான். கும்பகோணத்திலிருந்து வந்தவனுக்கு 'இன்னா', 'கீது', 'வூடு' என்றெல்லாம் காதில் விழுந்தால் பல் கூசும். அவள் ஒவ்வொரு முறை சொல்லும்போதும் அவன் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு, அவள் சரியாகச் சொல்லும்வரை கையைத் தட்டின்மேல் அப்படியே வைத்திருப்பான். அடிக்கவில்லை, திட்டவில்லை. ஒரே மாதம். பிரதீபா கருங்குழிக்குப் போனால் அவளுடைய அண்ணனே, "என்னடி டிவியில நியூஸ் வாசிக்கிற மாதிரி பேசற?" என்று சிரிக்கும்படி ஆகிவிட்டது.

அதெல்லாம் அவளுக்குப் பழகிப்போன கதை. 1999 மே மாதம் அவளுக்கு இருந்த கவலை ஒன்றே ஒன்று. பாலா பேசவில்லை.

மூன்றரை வயது. 'அம்மா', 'தா', 'வேணாம்.' இந்த மூன்றுக்கு மேல் நாலாவது வார்த்தை இல்லை. காது நன்றாகக் கேட்கிறது, நாக்கிலும் குறையில்லை என்றார் டாக்டர். "வீட்டுல அவன்கூடப் பேசறதுக்கு யாரு இருக்காங்க?" என்று கேட்டார். பிரதீபா பாலாவின் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டாள். "பிள்ளைங்களோட விடுங்கம்மா. நல்ல இடமாப் பார்த்து விட்டீங்கன்னா பேசிடுவான். அஞ்சு வயசு வரைக்கும் இப்படியே விட்டுட்டீங்கன்னா அப்புறம் கஷ்டம்."

நல்ல இடம். லக்ஷ்மிநாராயணன் அன்றைக்கே புது ஃபைல் ஒன்று எடுத்து, மேலே 'பாலா - நர்சரி' என்று எழுதினான்.

இரண்டு பெயர்கள் உடனே கிடைத்தன. டவுன்ஷிப்புக்குள்ளேயே இருந்த 'ரோஸ்பட்' நர்சரி. நடத்துவது கல்யாணி மேடம், பெரிய இன்ஜினீயர் ஒருவரின் மனைவி. இன்னொன்று செங்கல்பட்டில் ஜி.எஸ்.டி. நெடுஞ்சாலையின்மேல் மூன்று மாடியில் இருந்த இங்கிலீஷ் மீடியம். மூன்றாவது அகப்படவில்லை.

"ரெண்டு போதாதா?" என்றாள் பிரதீபா.

"மூணு இல்லாட்டி ஃபைல் செல்லாது."

"இது நம்ம வீட்டு ஃபைல்தானேங்க?"

"அதனால?"

கடைசியில் மீன் கொண்டுவரும் செங்கம்மாள்தான் சொன்னாள். "சதுரங்கப்பட்டினத்துல நம்ம பாஷா பாய் பொண்ணு வெச்சினுகீதே ஒரு ஸ்கூலு. எம் பேரன் அங்கதான் போறான். பத்துப் பதினாலு புள்ளைங்க கீதுங்க. மளிகைக் கடைக்குப் பின்னாடி."

லக்ஷ்மிநாராயணன் மூன்றாவது வரிசையில் அதை எழுதிக்கொண்டான். "மளிகைக் கடைக்குப் பின்னாடியாம்" என்று தனக்குள் சிரித்தான். "பரவாயில்ல. ஜெயிக்கவா கூப்பிடறோம்? எண்ணிக்கைக்கு ஒண்ணு வேணும், அவ்வளவுதான்."

ஆபீஸில் இது எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். மூன்றாவது கொட்டேஷன் தோற்பதற்கென்றே வருவது.

*

பள்ளி எதுவானாலும் பையனை ஒரு வாரம் அனுப்பிப் பார்த்துவிட்டுத்தான் முடிவு என்றான். சாம்பிள் பார்க்காமல் ஆர்டர் கொடுப்பதில்லை.

முதல் வாரம் ரோஸ்பட். வெள்ளைச் சட்டையில் நாற்பது பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து, 'ஃபிங்கர் ஆன் லிப்ஸ்' என்றதும் நாற்பது விரல்கள் நாற்பது உதடுகளுக்குப் போயின. லக்ஷ்மிநாராயணன் ஜன்னலுக்கு வெளியே நின்று பார்த்துவிட்டுச் சொக்கிப் போனான். பாலா ஐந்து நாளும் விரலை உதட்டில் வைத்தபடி போய், விரலை உதட்டில் வைத்தபடி திரும்பினான். வெள்ளிக்கிழமை கல்யாணி மேடம் பிரதீபாவைத் தனியாகக் கூப்பிட்டு, "பையன் கொஞ்சம் மந்தம்தான். ஆனா தொந்தரவு இல்ல. இருந்துட்டுப் போகட்டும்" என்றாள். குழந்தையைப் பற்றியல்ல, மூலையில் கிடக்கும் நாற்காலியைப் பற்றிச் சொல்வது போலிருந்தது.

இரண்டாவது, செங்கல்பட்டு. காலை ஆறே முக்காலுக்கு வேன். திருக்கழுக்குன்றம் தாண்டுவதற்குள் பாலா இரண்டு நாளும் வாந்தி எடுத்தான். இரண்டாம் நாள் சாயங்காலம் வேனிலிருந்து இறங்கியவனின் கால்சட்டை ஈரமாகி, அப்படியே காய்ந்தும் போயிருந்தது. காலையில் நனைந்ததை மாலைவரை யாரும் கவனிக்கவில்லை. அதோடு சாம்பிள் போதும் என்று லக்ஷ்மிநாராயணன் ஃபைலைத் திறந்து, 'போக்குவரத்து - 4' என்று எழுதினான்.

மூன்றாவது திங்கட்கிழமை மூவருமாகச் சதுரங்கப்பட்டினம் போனார்கள். கடை வாசலில் ஹயாத் பாஷா தராசுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். லக்ஷ்மிநாராயணன் பையிலிருந்து அளவு டேப்பை எடுத்துக் கூடத்தின் நீள அகலத்தை அளப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா சார், வூட்டை வெலை பேச வந்தீங்களா?"

"இல்ல. ஒரு குழந்தைக்கு எத்தனை சதுர அடி வருதுன்னு பார்க்கறேன்."

"அதுங்க எங்க சார் ஒரு எடத்துல நிக்குது, சதுர அடி வர்றதுக்கு!" பாஷா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். லக்ஷ்மிநாராயணன் சிரிக்கவில்லை, அளவைக் குறித்துக்கொண்டான்.

உள்ளேயிருந்து ஷபானா வந்தாள். இருபத்தைந்து வயது இருக்கும். ஆசிரியர் பயிற்சி முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்து அலுத்துப்போய், அப்பாவின் குடோனில் பாதியைக் காலி செய்து பள்ளியாக்கியவள். தலையில் முக்காடு, கையில் சுண்ணாம்புக்கட்டி, இடுப்பில் யாருடைய பிள்ளையோ.

"வாங்கக்கா. தம்பி பேரு இன்னா?"

"பாலா. இவன்... அவ்வளவா பேசமாட்டான்."

"பேசாட்டிப் போறான். இங்க எங்கண்ணன் பொண்ணு மஹீரான்னு ஒருத்தி கீறா. அவளே எல்லாருக்கும் சேத்துப் பேசிடுவா. ஏய் மஹீரா, இங்க வா!"

ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி ஓடி வந்து, பாலாவை மேலும் கீழும் பார்த்து, "டேய், பூன பாக்க வர்றியா?" என்று கேட்டாள். பதிலுக்குக் காத்திருக்காமல் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

பிரதீபா ஒரு நோட்டு வாங்கிக் கொடுத்தாள். தினமும் பிள்ளையைப் பற்றி ஏதாவது சொல்ல வேண்டுமானால் அதில் எழுதுவாள். 'இன்று சளி. வெந்நீர் மட்டும் கொடுக்கவும்.' 'பருப்பு சாதம் வைத்திருக்கிறேன், ஊட்டினால்தான் சாப்பிடுவான்.' பிரதீபாவின் எழுத்து முத்து முத்தாக இருக்கும். பள்ளியில் படித்தபோது கருங்குழியில் யார் வீட்டுக் கல்யாணப் பத்திரிகைக்கும் கையெழுத்துப் படி அவளுடையதுதான். ஷபானா முதல் நாளே அதைப் பார்த்துவிட்டு, "அக்கா, அச்சடிச்ச மாதிரி கீது. புள்ளைங்களுக்குக் காட்டுறதுக்கு எடுத்து வெச்சிக்கினேன்" என்றாள்.

வியாழக்கிழமை பிரதீபா அழைத்துப் போக வந்தபோது, பாலா கூடத்திலிருந்து ஓடி வந்தான். முட்டியில் மண். முகம் சிவந்து, மூச்சு வாங்கியது. அவளுடைய புடவையைப் பிடித்து இழுத்தான்.

"ம்மா! பூன குட்டி போட்ருச்சி! நாலு கீது!"

பிரதீபா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்ன கண்ணா? இன்னொரு தடவை சொல்லு."

"நாலு கீதும்மா. ஒண்ணு கருப்பு. மஹீரா தொடக்கூடாதுன்னா."

ஷபானா நிலைப்படியில் சாய்ந்து நின்று, "இன்னாக்கா, பேசமாட்டான்னீங்க? மத்தியானத்துலேர்ந்து காது ரெண்டும் போச்சு எனக்கு" என்றாள். அவள் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

பஸ்ஸில் திரும்பும்போது அவன் கேட்டுக்கொண்டே வந்தான். பூனைக்குட்டி ஏன் கண்ணைத் திறக்கவில்லை, குட்டிக்கு அப்பா எங்கே, கருப்புக் குட்டி ஏன் கருப்பு. பிரதீபா ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். சொல்லும்போது ஐந்து வருஷமாகத் திறக்காத அவளுடைய வாயும் திறந்துகொண்டது. "அது அப்பிடித்தான் கீது கண்ணு" என்று சொல்லிவிட்டுத் தனக்கே சிரித்துக்கொண்டாள்.

லக்ஷ்மிநாராயணன் ஆபீஸ் பஸ்ஸிலிருந்து இறங்கியதும் வாசலிலேயே ஓடிப்போய்ச் சொன்னாள். "பேசிட்டாங்க! முழுசாப் பேசினான்! பாலா, அப்பாகிட்டச் சொல்லு."

பாலா சொன்னான். "பூன குட்டி போட்ருச்சிப்பா. நாலு கீது."

லக்ஷ்மிநாராயணன் செருப்பைக் கழற்றி, வரிசையில் வைத்தான். "என்ன சொன்னான்? 'கீது'ன்னானா?"

"முதல்முதலா பேசறாங்க..."

"கேட்டேன். காது கேக்குது எனக்கு." உள்ளே போய் ஃபைலைத் திறந்தான். மூன்றாவது வரிசையில் 'மொழித் தரம்' என்ற கட்டத்தில் 2 என்று எழுதினான். மகனுடைய முதல் வாக்கியத்துக்குப் பத்துக்கு இரண்டு.

*

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் அவளை மேஜைக்கு முன் உட்கார வைத்தான். ஆபீஸ் டைப்ரைட்டரைச் சொந்த வேலைக்குத் தொடமாட்டான். அவன் கையெழுத்து அவனுக்கே புரியாது. அதனால் வீட்டு அட்டவணைகளின் நல்ல படி எல்லாம் பிரதீபா எழுதுவதுதான். "தமிழ்லயே எழுது. உனக்கும் புரியணுமில்ல" என்றான்.

அவன் சொல்லச் சொல்ல எழுதினாள். ரோஸ்பட்டுக்கு ஒழுங்கு 10, சுத்தம் 9. செங்கல்பட்டுக்குக் கட்டிடம் 10. மூன்றாவதுக்கு வந்ததும் அவன் எழுந்து நின்றுகொண்டான். குறைகளைச் சொல்லும்போது நின்று சொல்வதுதான் அவனுக்கு வசதி.

"ஒரே வாசல்; ஆபத்துக் காலத்தில் வெளியேற வேறு வழியில்லை. எழுதினியா? பாடம் நடக்கும் கூடத்தை ஒட்டிய அறையில் மண்ணெண்ணெய் பீப்பாய். கழிவறை வீட்டாருடையது. பதிவுச் சான்று கேட்டதற்குக் காட்டப்படவில்லை. பூனைகள் நடமாட்டம் உண்டு, அண்மையில் குட்டி ஈன்றுள்ளது; சுகாதாரக் கேடு."

பேனா நின்றது. "அந்தப் பூனையாலதாங்க இவன் பேசினான்."

"நான் பொய் ஏதாவது சொன்னேனா?"

சொல்லவில்லை. பீப்பாய் இருந்தது, ரேஷனில் போதாதவர்களுக்குப் பாஷா விற்கிற எண்ணெய். வாசல் ஒன்றுதான். பூனை குட்டி போட்டிருந்தது. ஒரு வரியும் பொய்யில்லை என்பதால் பிரதீபாவுக்கு வாதாட இடமில்லாமல் போயிற்று.

"அவன் பேசினான்ங்கிறதுக்கு எந்தக் கட்டத்துல மார்க்கு?" என்று மட்டும் கேட்டாள்.

"அதான் மொழியில போட்டிருக்கே. ரெண்டு."

அவன் தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனபோது பிரதீபா மொழிக் கட்டத்தில் 2-க்குப் பதிலாக 8 என்று எழுதினாள். எட்டுப் போட்டாலும் அது மூன்றாமிடம்தான் என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் அந்த இரண்டை எழுத அவளுக்குக் கை வரவில்லை.

லக்ஷ்மிநாராயணன் வந்து கால்குலேட்டரில் கூட்டிப் பார்த்தான். மறுபடியும் கூட்டிப் பார்த்தான். கோபப்படவில்லை. தாளை நான்காகக் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டான்.

"அடிச்சுத் திருத்தக் கூடாது. ஆடிட்ல கேப்பாங்க. முதல்லேர்ந்து எழுது."

"ஏங்க..."

அவன் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் மேஜைமேல் வைத்துக்கொண்டு காத்திருந்தான். சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் காத்திருந்த அதே கைகள். பிரதீபா முதலிலிருந்து எழுதினாள். பூனை வரியையும் எழுதினாள். இரண்டையும் எழுதினாள். ரோஸ்பட் 81, செங்கல்பட்டு 74, மூன்றாவது 43.

"ஜூலை ஒண்ணுதான் ரோஸ்பட்ல சேர்க்கணும்" என்றாள் எழுதி முடித்துவிட்டு. "அதுவரைக்குமாவது அங்கயே போகட்டுமே. பத்து நாள்."

அவன் யோசித்தான். வேறு ஏற்பாடு வரும்வரை பழைய ஏற்பாடு தொடரலாம் என்று ஆபீஸிலும் ஒரு விதி இருந்தது. "சரி" என்றான்.

மறுநாள் சாயங்காலம் அவன் ரோஸ்பட் விண்ணப்பத்தைக் கொடுக்கக் கல்யாணி மேடம் வீட்டுக்குப் போனான். பிரதீபாவும் போனாள். மேடம் காபி கொடுத்தாள்.

"எங்களை விட்டா வேற எங்கெல்லாம் பார்த்தீங்க, மிஸ்டர் லக்ஷ்மிநாராயணன்? அந்தச் சதுரங்கப்பட்டினம் பாய் வீட்டுக்குக்கூடப் போனீங்களாமே? நம்ம டவுன்ஷிப்லேர்ந்தே மூணு பிள்ளைங்க இந்த வருஷம் அங்க போயிடுச்சு. அப்படி என்னதான் இருக்கு அங்க?"

"என்னென்ன இல்லைன்னு கேளுங்க மேடம்" என்று சொல்லி, லக்ஷ்மிநாராயணன் ஃபைலைத் திறந்து ஒப்பீட்டு அட்டவணையின் ஜெராக்ஸ் ஒன்றை எடுத்து நீட்டினான். தன் வேலையை ஒரு மேலதிகாரி குடும்பம் படிக்கிறது என்கிற பெருமையில் அவன் முகம் காதுவரை சிவந்தது.

கல்யாணி மேடம் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தாள். மூன்றாவது வரிசையை இரண்டு முறை படித்தாள்.

"இதை நான் வெச்சுக்கலாமா?"

"தாராளமா மேடம்."

பிரதீபா காபி டம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். 'வேண்டாம், கொடுங்கள்' என்று சொல்ல ஒரு விநாடி போதும். அந்த விநாடியில் அவள், "காபி நல்லா இருக்கு" என்றாள்.

*

அடுத்த எட்டு நாளும் பாலா பேசினான். குளிக்கும்போது பேசினான், தூக்கத்தில்கூடப் பேசினான். கருப்புக் குட்டிக்கு மஹீரா 'நைனா' என்று பேர் வைத்திருந்தாள். அது முதலில் கண் திறந்தது. அவனுக்கு எண்பது தொண்ணூறு வார்த்தை வந்துவிட்டது. பிரதீபா எண்ணிக்கொண்டிருந்தாள்.

ஒன்பதாம் நாள் காலை கடைக்கு முன்னால் பிள்ளைகளும் தாய்மார்களும் கூட்டமாக நின்றார்கள். பள்ளிக் கதவில் பூட்டு. பூட்டைச் சுற்றித் துணி சுற்றி அரக்கு வைத்திருந்தது.

"நேத்து சாயந்தரம் ஜீப்புல ஆபீசருங்க ரெண்டு பேரு வந்தாங்க" என்று செங்கம்மாள் சொன்னாள். "யாரோ எழுதிப் போட்டுட்டாங்களாம். பீப்பா கீது, வாசல் இல்ல, சர்ட்டிபிகேட்டு இல்லன்னு. எம் பேரனை இனிமே எங்க வுடறது? கூடைய தூக்கிக்கினு இவனையும் தூக்கிக்கினு போகவா?"

பிரதீபா பாலாவின் கையைப் பிடித்தாள். திரும்பிப் போய்விடலாம் என்று நினைப்பதற்குள் ஷபானா பார்த்துவிட்டாள்.

"அக்கா. கொஞ்சம் உள்ள வாங்க."

கடைக்குள் பாஷா தராசுக்குப் பின்னால் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார். ஆனால் இன்று சிரிக்கவில்லை. "இன்னாம்மா, சதுர அடி சரியா வந்துச்சா?" என்று மட்டும் கேட்டார்.

ஷபானா கல்லாப் பெட்டியின் மேல் இரண்டு காகிதங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். ஒன்று, ஜீப்பில் வந்தவர்கள் உத்தரவோடு சேர்த்துக் கொடுத்துவிட்டுப் போன ஜெராக்ஸ். இன்னொன்று பாலாவின் நோட்டு. 'இன்று சளி. வெந்நீர் மட்டும் கொடுக்கவும்.' இரண்டிலும் ஒரே 'ள'. ஒரே 'ற'. அச்சடித்த மாதிரி.

"புள்ளைங்களுக்குக் காட்டுறதுக்குன்னு எடுத்து வெச்சேன்" என்றாள் ஷபானா. "இல்லாட்டி எனக்குத் தெரிஞ்சிருக்காது."

"அவர் சொல்லித்தான் நான்... நான் வேணும்னு எழுதல ஷபானா."

"பூனகூட எழுதியிருக்கீங்கக்கா."

பிரதீபா நோட்டை எடுத்து மூடினாள்.

"எண்ணெய் பீப்பாவை எடுன்னு எங்கிட்டச் சொல்லியிருந்தா அன்னிக்கே எடுத்திருப்பேன். வாசல் இன்னொண்ணு வெக்கச் சொன்னா எங்கப்பா செவுத்தை ஒடைச்சிருப்பாரு. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே. தினமும் நோட்டுல எழுதினீங்களே, வெந்நீரு, பருப்பு சோறுன்னு. அதுல ஒரு வரி எழுதியிருக்கலாமே."

அதற்குள் பாலா கடையின் பின் கதவைத் தள்ளிப் பார்த்துவிட்டு ஓடி வந்தான். சாக்குகளுக்கு நடுவே பூனைக்கு விரித்திருந்த கோணி இல்லை.

"மிஸ்! குட்டி எங்க? நைனா எங்க?"

ஷபானா குனிந்து அவன் முகத்தைப் பார்த்தாள். வந்தவர்கள் முதலில் அதைத்தான் அகற்றச் சொல்லியிருந்தார்கள். பாஷா நேற்றே தாயையும் குட்டிகளையும் சாக்கில் கட்டி, சைக்கிளில் வைத்து, மீன் ஏலம் விடும் இடத்தில் விட்டுவிட்டு வந்தார். அங்கே நாய்கள் அதிகம். இதை ஒரு குழந்தையிடம் எப்படிச் சொல்வது என்று ஷபானாவுக்குத் தெரியும்; ஊருக்குப் போய்விட்டது என்று சொல்லியிருக்கலாம். மஹீராவிடம் அப்படித்தான் சொன்னாள். ஆனால் நிமிர்ந்து பிரதீபாவைப் பார்த்ததும் அவள் முகம் மாறிப்போயிற்று.

"குட்டிய எடுத்துட்டுப் போவச் சொல்லி உங்கம்மாதான் எழுதினாங்க கண்ணு" என்றாள். "எங்கன்னு அவங்களையே கேளு."

பாலா திரும்பினான். அவனுக்குப் புரிந்துவிட்டது. எழுதுவது யார் என்று அவனுக்குத் தெரியும். தினமும் அம்மா எழுதுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவன்தானே.

"ம்மா. நைனா எங்க கீது?"

பிரதீபா அவனை இழுத்துக்கொண்டு வெளியே வந்தாள். அவன் புடவையைப் பிடித்து இழுத்து மறுபடியும் கேட்டான். மறுபடியும். பஸ் நிறுத்தம் வரைக்கும் கேட்டான். பஸ்ஸில் ஏறிய பிறகு கேட்கவில்லை.

*

ஜூலை ஒன்றாம் தேதி ரோஸ்பட்டில் வெள்ளைச் சட்டையோடு போய் உட்கார்ந்தான். 'ஃபிங்கர் ஆன் லிப்ஸ்' என்று சொல்வதற்கு முன்னாலேயே அவன் விரல் உதட்டுக்குப் போய்விட்டது. சதுரங்கப்பட்டினம் போய்க்கொண்டிருந்த மூன்று டவுன்ஷிப் பிள்ளைகளும் அதே வாரம் வந்து சேர்ந்தார்கள். கல்யாணி மேடம் இன்னொரு ஆயா போட்டாள்.

வீட்டுக்கு வந்தாலும் விரல் இறங்கவில்லை. பிரதீபா அவனை மடியில் வைத்துக்கொண்டு, "பூனை எப்படிக் கத்தும்? சொல்லு கண்ணு" என்றாள். அப்பா ஆபீஸில் இருக்கும் நேரமாகப் பார்த்து, "எத்தினி குட்டி கீது? நாலா கீது?" என்று பழைய பேச்சில் கெஞ்சினாள். அவன் அவளைப் பார்த்தான். பிறகு அவள் உதட்டின்மேல் தன் விரலை வைத்தான்.

'அம்மா'கூட இல்லை இப்போது. டாக்டர் காதை மறுபடியும் பார்த்தார், நாக்கை மறுபடியும் பார்த்தார். "நடுவுல நல்லாப் பேசினான்னீங்களே, அந்த இடத்துலேர்ந்து ஏம்மா எடுத்தீங்க?" என்றார். லக்ஷ்மிநாராயணன், "மதிப்பீட்டுல அது மூணாவது, டாக்டர்" என்று விளக்கினான்.

பிரதீபா ஒரு முறை தனியாகச் சதுரங்கப்பட்டினம் போனாள். பள்ளிக்கூடம் இருந்த பாதி மறுபடியும் குடோனாகியிருந்தது. ஷபானாவுக்கு ஆம்பூர்ப் பக்கம் சம்பந்தம் முடிந்து அவசரமாக நிக்காஹ் செய்து அனுப்பிவிட்டார்களாம். பாஷா அவளுக்கு அரைக் கிலோ துவரம்பருப்பு நிறுத்துக் கொடுத்தார். சில்லறையை எண்ணி வைத்துவிட்டு அடுத்த ஆளைப் பார்த்தார்.

செப்டம்பர் கடைசியில் கல்யாணி மேடம் அவளைக் கூப்பிட்டு அனுப்பினாள். மேஜைமேல் நாற்பத்து நான்கு மதிப்பெண் அட்டைகள் வெறுமையாக இருந்தன.

"உங்க கையெழுத்து மாதிரி நான் பார்த்ததே இல்ல பிரதீபா. அந்த ரிப்போர்ட்டைப் பார்த்துட்டு எங்க வீட்டுக்காரரே யாரு எழுதினதுன்னு கேட்டார். இனிமே நம்ம ஸ்கூல் கார்டெல்லாம் நீங்கதான் எழுதித் தரணும். உங்க பிள்ளை படிக்கிற ஸ்கூல்தானே?"

மேடம் நோட்டைப் பார்த்துப் படிக்கப் படிக்க, பிரதீபா எழுதினாள். முப்பத்து ஓராவது அட்டை பாலாவுடையது.

"ஒழுங்கு, பத்து. சுத்தம், பத்து. அமைதி, பத்து. கிளாஸ்லயே இவன்தான் ஃபர்ஸ்ட், தெரியுமா? மத்த பிள்ளைங்களுக்கெல்லாம் இவனைத்தான் காட்டறோம்."

"பேச்சுன்னு ஒரு கட்டம் இருக்கு மேடம்."

மேடம் நோட்டைப் புரட்டினாள். "அதுல மார்க் போட ஒண்ணும் இல்லையே. ஒரு கோடு இழுத்துடுங்க."

பிரதீபா ஸ்கேலை வைத்து ஒரு கோடு இழுத்தாள். நேராக வந்தது.

அன்று மாலை லக்ஷ்மிநாராயணன் அட்டையை வாங்கி விளக்கடியில் பிடித்துப் பார்த்தான். கால்குலேட்டரை எடுத்துக் கூட்டினான். மேஜைக்கு அந்தப் பக்கம் பாலா வெள்ளைச் சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தான், விரல் உதட்டில்.

"கூட்டல் சரியா இருக்கு" என்றான் லக்ஷ்மிநாராயணன். "அடித்தல் திருத்தல் ஒண்ணுகூட இல்ல. இப்பதான் உனக்கு வேலை பிடிபட்டிருக்கு."

பேனாவின் மூடியைக் கழற்றிப் பெற்றோர் கையொப்பம் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டான். கீழே தேதியும் போட்டான்.